அத்தியாயம் 4: முதலில் எதை விடுவது?

மதுரைப் பக்கம் திடப்படுத்தல் வகுப்புக்கோ மறைக்கல்வி வகுப்புக்கோ வரும் பிள்ளைகளிடம் எவையெல்லாம் பாவம் என்று கேட்டுப் பாருங்கள். சினிமா, சிகரெட், பொட்டு, திருவிழாக் கூட்டம் என்று பதில் மளமளவென்று வரும். அப்பா வட்டிக்குக் கொடுப்பதையும், அக்கா கல்யாணத்துக்கு எத்தனை பவுன் பேசி முடித்தார்கள் என்பதையும் எந்தப் பிள்ளையும் அந்தப் பட்டியலில் சேர்க்காது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. தெருவில் நடப்பதைப் பாவம் என்று சொல்ல நாம் பழக்கியிருக்கிறோம். நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம். செய்முறை, குடும்ப கௌரவம், நம்ம ஆளுக, ஊர் வழக்கம்.

தேவ பக்தியாய் வாழ நினைக்கிறவருக்கு இந்த அத்தியாயம் சொல்லும் யோசனை ஒன்றுதான். எதையெல்லாம் விடுவது என்று நீளமாக எழுதுவதற்கு முன், எதை முதலில் விடுவது என்று முடிவு செய்யுங்கள். சின்னதோடு சண்டை போட்டுக் களைத்துப்போன பிறகு பெரியதை எதிர்க்கத் தெம்பு இருக்காது. இது புதுக் கேள்வியும் இல்லை. இந்த ஊரில் நானூறு ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பூணூலும் மல்லிகையும்

1606இல் இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே இங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ். கடற்கரையிலிருந்து வந்து தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவர்களைத் தாண்டி அவர் பணி பரவவில்லை. நொபிலி காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். ஞானஸ்நானம் பெற்ற பிராமணர்கள் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம், சந்தனம் பூசலாம், வழக்கம்போல நீராடலாம் என்றார். பெர்னாண்டஸுக்கு இது பொறுக்கவில்லை, புகார் போனது. 1619இல் கோவாவில் கூடிய சபையில் பெரும் வாக்குவாதம். கடைசியில் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புச் சொன்னார்: மூட நம்பிக்கையும் பிற தெய்வ வழிபாடும் கலக்காதவரை இவற்றை அனுமதிக்கலாம்.

அந்தத் தீர்ப்பில் அன்றாடத்துக்கு உதவுகிற ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு பழக்கத்தைப் பார்த்ததும், ‘இதைப் பிற மதத்தார் செய்கிறார்களா?’ என்று கேட்காதீர்கள். ‘இதைச் செய்யும்போது நான் யாரை நம்புகிறேன்?’ என்று கேளுங்கள். வாசலில் கோலம் போடுவதும், கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டுவதும், வளைகாப்பில் வளையல் அடுக்குவதும், பொங்கலன்று பானை வைப்பதும் இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடும். புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைத் தலையில் வைப்பதற்கு எதிராக ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிறவர்களும் உண்டு. ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு ஒருவர் பூவும் நகையும் வேண்டாமென்றால் அது அவருடைய தியாகம், மரியாதையோடு பார்க்கலாம். பூ வைத்த மருமகளைப் பாவி என்று சொல்லும்போது அந்தத் தியாகம் கசந்துவிடுகிறது.

இதே கேள்வியை மறுபக்கமும் திருப்ப வேண்டும். பொட்டு வைக்காத, பூ வைக்காத வீடு. ஆனால் பந்தக்கால் ஊன்ற நல்ல நேரம் பார்க்கிறார்கள், ராகு காலத்தில் பெண் பார்க்கக் கிளம்புவதில்லை, பக்கத்து ஊர் சோசியரிடம் மட்டும் ‘சும்மா ஒரு வார்த்தை’ கேட்டுவைக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. நம்பிக்கையோ இடம் மாறிவிட்டது. பூவுக்கு முன்னால் இதைத்தான் விட வேண்டும்.

பக்கத்து வீட்டிலிருந்து சாமிக்குப் படைத்த கொழுக்கட்டையோ ஆடிக் கூழோ வந்தால் என்ன செய்வது என்பது மதுரையில் ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் எழுகிற சந்தேகம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். படைத்ததால் உணவுக்குப் புது வல்லமை எதுவும் வந்துவிடாது என்பதும், நாம் அதைத் தின்பதால் விசுவாசத்தில் இளைத்த ஒருவர் இடறுவார் என்றால் தவிர்த்துவிடலாம் என்பதும் அங்கே இருக்கின்றன. வாங்குவதானால் முகமலர்ச்சியோடு வாங்குங்கள். வேண்டாமென்றால் அவர்கள் முகத்துக்கு நேரே அன்பாகச் சொல்லுங்கள். வாங்கி வைத்துவிட்டு வேலைக்காரம்மாவிடம் கொடுப்பதுதான் மூன்றிலும் மோசம்: தீட்டு என்று நினைத்ததை ஏழையின் தலையில் கட்டுகிறோம்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுதல்

நொபிலியின் அளவுகோலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சாதியையும் அவர் ஊர் வழக்கம் என்ற கூடையில் போட்டார். அவருக்குப் பின் வந்த இயேசு சபையார் மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் என்று ஊழியத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். அன்று நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். அந்தப் பிளவின் பலனைத் தமிழ்நாட்டுச் சபைகள் இன்றும் அனுபவிக்கின்றன.

அதே மதுரையில்தான் எதிர்த் திசையிலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் இங்கே பணி தொடங்கினார்கள். பசுமலைக் கல்வி நிலையங்களும் அமெரிக்கன் கல்லூரியும் அவர்கள் வழி வந்தவை. 1847இல் அவர்கள் ஊழியர்களிடமும் சபையாரிடமும் ஒரு சோதனை வைத்தார்கள்: சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எந்தச் சாதிக் கிறிஸ்தவர் சமைத்ததையும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்தார்கள். சபை ஐக்கியத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். வெளிநாட்டார் அதிகாரம் செலுத்திய முறையைப் பற்றி விமர்சனம் இருக்கலாம். சோதனை மட்டும் சரியான சோதனை. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்னாலும் பவுல் கண்டித்ததும் பந்தியை விட்டு எழுந்து விலகியதற்காகத்தான்.

சாதியைப் பாவப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வைப்பது என்று என்னிடம் கேட்டால், இந்த மண்ணில் அதுதான் முதல் என்பேன். மற்றப் பாவங்கள் செய்தவனைக் கூச வைக்கும், இது பெருமைப்பட வைக்கும். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதியைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். இறந்தவர்கள் பிரிந்து படுக்க வேண்டும் என்று கேட்கவில்லை, இருந்தவர்கள் கேட்டார்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? வீடு வாடகைக்குக் கேட்டு ஒருவர் வரும்போது, ‘நீங்க என்ன ஆளுக?’ என்று நாக்கு நுனி வரை வரும் கேள்வியை விழுங்குவதிலிருந்து தொடங்கலாம். அதைச் சுற்றிவளைத்துக் கேட்கும் வித்தைகளும் நமக்குத் தெரியும்: ‘சொந்த ஊர் எது?’, ‘ஊர்ல எந்தத் தெரு?’, ‘தாத்தா பேரு?’ இவையும் அதே கேள்விதான். பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது ‘பக்தியுள்ள குடும்பம் தேவை’ என்று எழுதி அதற்குப் பக்கத்திலேயே உட்பிரிவையும் எழுதுகிறோமே, அடுத்த முறை அந்த இரண்டாவது வரியை மட்டும் விட்டுவிட்டுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள். ‘நீ பெரிய பரிசுத்தவானா? நாளைக்கு யாரு உன் வீட்டு வாசப்படி மிதிப்பா?’ என்பார்கள். எத்தனை போன் வருகிறதோ அத்தனை ஆழத்துக்கு அந்த வேர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழைத்துச் சோறு போடுவது பாதி தூரம்தான். அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் பாத்திரத்தில் தண்ணீர் குடித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது மீதிப் பாதி. கிறிஸ்மஸ் கேக்கை முதலாளி வீட்டுக்குத் தட்டிலும் தூய்மைப் பணியாளருக்குக் காகிதத்திலும் கொடுக்கும் வழக்கத்தை யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் விட்டுவைக்காது.

இதோடு ஒட்டிய ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அதனால் வீட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவர் சலுகைக்காக இந்து என்று சொல்வதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஏற்க மறுத்தது. உண்மை பேச வேண்டும் என்பதில் மாற்றமில்லை. பணி, சலுகை தொடர்பான எந்த முடிவையும் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஆனால் அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கல்லெறிய, மூன்று தலைமுறையாகச் சாதியின் பலனைச் சபைக்குள்ளேயே தின்றவருக்கு உரிமை இல்லை. நீதி கேட்பதும் பக்தியின் பகுதிதான். அந்த ஆணையை மாற்றக் கோரும் மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

திருந்தும்போது யார் விலை கொடுப்பது?

அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். ஏன் என்பதைச் சபையில் பாதிதான் சொல்வார்கள். மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்றார் பிரிட்டோ. தடியத்தேவர் ஒருவரை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சகோதரிகளாகப் பேணுவதாக ஒப்புக்கொண்டார். அப்படி விலக்கப்பட்ட ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட்டதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

தடியத்தேவரின் துணிவையும் குருவின் இரத்தசாட்சியத்தையும் போற்றுகிறோம். அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவள் எந்தப் பாவமும் செய்யவில்லை. கணவன் மனம் திரும்பியதில் அவள் வாழ்வு திசை மாறியது. ஆகவே மனந்திரும்புகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் இதை விடும்போது யாருக்கு அடி விழும், அவருக்கு நான் என்ன செய்யப்போகிறேன்? லூக்கா 19இல் சகேயு அழவில்லை, சாட்சி சொல்லவில்லை. நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்குச் சொன்னான்.

வட்டியில் இதைப் பொருத்திப் பாருங்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலும் காய்கறிச் சந்தையிலும் காலையில் கொடுத்து மாலையில் தண்டல் வாங்குகிறவர்களில் வேதத்தைக் கையில் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். யாத்திராகமம் 22ஆம் அதிகாரமும் லேவியராகமம் 25ஆம் அதிகாரமும் ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கின்றன. வேதத்தை விடுங்கள், கந்துவட்டியைத் தமிழ்நாட்டுச் சட்டமே 2003இல் குற்றமாக்கிவிட்டது. ‘விட்டுவிட்டேன்’ என்று சபையில் எழுந்து நின்று சொல்வதற்கு முன் நோட்டை எடுங்கள். அசலுக்கு மேல் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள்? கழிக்க வேண்டியதைக் கழியுங்கள், மேலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், ஈடாகப் பிடித்துவைத்த பத்திரத்தையும் ஏடிஎம் கார்டையும் இன்றே உரியவரிடம் சேருங்கள். வட்டிப் பணத்தில் தசமபாகம் கொடுத்தால் மீதி சுத்தமாகிவிடும் என்பது நாமே கண்டுபிடித்த வேதாகமம்.

வரதட்சணையும் அப்படியே. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ‘நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதப் போடுங்க’ என்ற வாசகத்தை மதுரையில் யாரும் நம்புவதில்லை. பெண்ணின் தகப்பன் அன்று இரவே நகைக்கடன் கேட்டு அலையத் தொடங்குகிறார். மாப்பிள்ளை வீட்டார் நிஜமாகவே வேண்டாமென்றால் நிச்சயத்தின்போது சபை ஐயர் முன்னிலையில் எண்ணிக்கையோடு சொல்லுங்கள்: பூஜ்யம் பவுன், பூஜ்யம் ரூபாய், கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது.

பாட்டிலும் போனும்

குடியையும் போனையும் பற்றிப் பிரசங்கம் ஏராளம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்லறை மது விற்பனை 2003இலிருந்து அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் முதல் குடியைக் கடையில் குடிப்பதில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முந்தின இரவில், மண்டபத்து மாடி அறையில், மாமன் மச்சான் ஊற்றிக் கொடுக்கக் குடிக்கிறார்கள். அந்த அறைக்கு வாடகை கொடுப்பவர் நீங்கள் என்றால் சாவியையும் நீங்களே வைத்திருங்கள். குடியில் சிக்கிவிட்டவருக்காக ஜெபிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது நோயும்கூட; திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் உளறலும் வரலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். 14446 என்பது போதை மீட்புக்கான அரசின் இலவச உதவி எண்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றம் தடைசெய்தது. தடை வந்தது என்பதால் ஆசை போய்விடாது. ஆதியாகமம் 39இல் யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு வாதம் செய்துகொண்டு நிற்கவில்லை, மேலாடையை விட்டுவிட்டு ஓடினான். போன் விஷயத்தில் வீரம் பேசாமல் ஓடுவதுதான் புத்தி. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாப் போனும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜுக்குக் கிடக்கட்டும். அப்பாவுடையது மட்டும் படுக்கையறைக்குப் போனால் பிள்ளைகள் இந்தச் சட்டத்தை ஒரு வாரம்கூட மதிக்க மாட்டார்கள்.

நட்பு விஷயத்தில் இந்த ஓட்டம் அளவோடு இருக்கட்டும். கெட்ட நட்பை விட்டு விலகு என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதைக் கேட்டு நண்பர்களையே வெறுத்து ஒதுங்கும் பிள்ளை, வாழ்நாள் முழுதும் தனக்குப் பிடித்ததையே பேசும் சபைக் கூட்டத்துக்குள் முடங்கிப் போகும். ஆயக்காரரோடு பந்தியில் உட்கார்ந்ததற்காக ஆண்டவரையே குறை சொன்னார்கள். எந்த வேலையில் கூட்டுச் சேர்வது என்பதில் கண்டிப்பாயிருங்கள். யாரோடு பேசுவது என்பதில் தாராளமாயிருங்கள்.

இரண்டு கோடுகள்

மதுரை மிஷனுக்கு வந்த இயேசு சபையார் அனைவரும் கைக்கொண்ட ஒரு பயிற்சி உண்டு. இஞ்ஞாசியார் எழுதி 1548இல் திருச்சபை அங்கீகரித்த ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலில் இருக்கிறது. நொபிலியும் பிரிட்டோவும், உபதேசியார்களுக்காக 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதிய வீரமாமுனிவரும் இதில் வளர்ந்தவர்கள். சிஎஸ்ஐ சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் கத்தோலிக்கப் பெயரைக் கேட்டு ஒதுக்கிவிட வேண்டாம். இதில் கோட்பாடு எதுவும் இல்லை, ஒரு நோட்டும் பேனாவும்தான்.

ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோபம், பொய், வட்டி, யாரைப் பற்றியும் கீழாகப் பேசுவது, எதுவானாலும் ஒன்று மட்டும். காலையில் எழுந்ததும் இன்று இதில் விழாமல் காத்துக்கொள்வேன் என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொள்வது. நோட்டில் அந்த நாளுக்கு இரண்டு கோடுகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலை முதல் நடந்ததை மணி மணியாக நினைத்துப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளை மேல் கோட்டில் வைப்பது. இரவில் கீழ்க்கோட்டில். பகலில் விழுந்த அந்த நொடியே கையை நெஞ்சில் வைத்து வருத்தப்படச் சொல்கிறார் இஞ்ஞாசியார். கடையில் நாலு பேர் நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம். வார முடிவில் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

முதல் வாரம் புள்ளிகள் கூடும். பயப்பட வேண்டாம், முன்பும் அத்தனை முறைதான் விழுந்தோம், எண்ணவில்லை. நோட்டைக் கணவனோ மனைவியோ பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் உண்மை வரும். புள்ளி குறைந்ததைச் சாட்சி நேரத்தில் அறிவிக்காதீர்கள்: அடுத்த நோட்டு பெருமைக்கு வாங்க வேண்டி வரும்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் பாவத்தின் பெயரை எழுதும்போது ‘உலகம்’, ‘மாம்சம்’ என்று பெரிய வார்த்தைகளைப் போடாதீர்கள். வட்டி என்றால் வட்டி என்றும், சாதி என்றால் சாதி என்றும் எழுதுங்கள்.